பனிமூட்டத்தில் ஒரு சக்கரத் தேர்வு

கடைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களிடம் அடிக்கடி வரப்போகிற கேள்வி இதுதான்: "மலை சைக்கிள் வாங்கலாம்னு இருக்கோம். சக்கரம் இருபத்தேழரை அங்குலம் எடுக்கறதா, இருபத்தொன்பதா?" உடனே சுவரில் ஒட்டியிருக்கும் அட்டவணையைக் காட்டுவீர்கள். உயரமானவருக்குப் பெரிய சக்கரம், குள்ளமானவருக்குச் சின்னது. அது தப்பில்லை. நான் கடையில் இருந்த காலத்தில் அந்த அட்டவணையை வைத்தே எத்தனையோ வண்டி விற்றிருக்கிறேன். வாங்கிப் போனவர்கள் சந்தோஷமாகத்தான் ஓட்டினார்கள்.

பெரிய சக்கரம் கல்லையும் வேரையும் கண்டு தயங்காது. ஏறி உருண்டு போய்விடும். ஒருமுறை வேகம் பிடித்தால் அதை விட்டுக்கொடுக்காது. சின்னச் சக்கரம் இடுக்கான வளைவில் சட்டென்று திரும்பும், மேட்டில் சீக்கிரம் கிளம்பும், தூக்கி நடக்க வேண்டி வந்தால் கையை வலிக்காது. இவ்வளவையும் நீங்கள் ஒரே நாளில் கற்றுக்கொள்வீர்கள். அந்த அட்டவணையில் இல்லாதது வண்டி ஓடப்போகும் பாதை. எனக்குத் தொழில் பழக்கியவர் வாடிக்கையாளரின் கால் நீளத்தை அளப்பதற்கு முன்னால் வீட்டுக்குப் போகும் வழியை விசாரிப்பார். வழி புரியவில்லை என்றால் இரண்டு வண்டியையும் பிக்கப்பில் ஏற்றிக்கொண்டு நேரே போய்விடுவார். அந்தப் பழக்கம் எனக்கும் ஒட்டிக்கொண்டது. அப்படிப் போன ஒரு இடம்தான் கொல்லிமலையில் அரியூர் நாடு. சில ஊர்கள் சேர்ந்ததை அங்கே நாடு என்பார்கள்.

சுகுமார், பூங்கொடி என்று ஒரு தம்பதி. அவர் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவர். அவள் மலையிலேயே பிறந்து வளர்ந்தவள். அம்மா வழியில் வந்த மிளகுத் தோட்டத்தை அவள்தான் பார்த்துக்கொள்கிறாள். வீடு மேலே இருக்கிறது, தோட்டமும் நெல் வயலும் கீழே பள்ளத்தில். நடுவில் ஒற்றையடிப் பாதை. அதில் போய்வர இருவருக்கும் சேர்த்து ஒரே வண்டி வேண்டும். சேலத்துக்கு வந்து கடையிலேயே சண்டை போட்டுக்கொண்டார்கள். சரி, உங்கள் பாதையிலேயே ஓட்டிப் பார்த்து முடிவு செய்யலாம் என்று சொல்லி அனுப்பினேன்.

ஐப்பசி மழை ஓய்ந்திருந்த ஒரு காலை. எங்கள் டிரைவர் கொண்டை ஊசி வளைவுகளில் பிக்கப்பை மெல்ல ஏற்றினார். பின்னால் இரண்டு வண்டிகள் கட்டியிருந்தன. போய் இறங்கியபோது ஊரே அடங்கிக் கிடந்தது. ஒரு நாய்கூடக் குரைக்கவில்லை.

"எல்லாரும் பெரக்கரை நாட்டுல ஒரு கண்ணாலத்துக்குப் போயிருக்காங்கக்கா," என்றாள் பூங்கொடி, காபி டம்ளரை நீட்டியபடி. "நாங்களும் போயிருக்கோணும். நீங்க வாரீங்கன்னு நின்னுட்டோம்."

"மேடம், நான் எல்லா வீடியோவும் பாத்துட்டேன்," என்று சுகுமார் தொடங்கினார். "இப்ப யாரு சின்னச் சக்கரம் வாங்கறா? இருபத்தொன்பதுதான்."

"அவரு ஆறடி. நான் அவரு நெஞ்சுக்குத்தானுங்க வருவேன். அந்தப் பெரிய சக்கரத்துல ஏறுனா எனக்குக் கால் எட்டுமுங்களா? தெனமும் தோட்டத்துக்குப் போறது நானு. எனக்குச் சின்னதுதான் வேணும்."

நானும் எந்த முடிவுக்கும் வராமல்தான் இருந்தேன். அவர் உயரத்துக்குப் பெரிய சக்கரம் பொருந்தும். ஆனால் பாதையின் ஆரம்பத்திலேயே அது வளைந்து வளைந்து இறங்குவது தெரிந்தது. முதலில் அவரும் நானும் இறங்குவது, அவர் பெரிய சக்கரத்தில், நான் சின்னதில் என்று பேசிக்கொண்டோம். பூங்கொடி டிரைவரோடு பிக்கப்பில் வண்டிப்பாதை வழியாகச் சுற்றிக் கீழே வருவாள். அடுத்த சுற்று அவளுடையது. "நாங்க வரத் தாமதமானா ஒத்தையடிப் பாதையிலேயே மேல ஏறி வந்துரு, கண்ணு," என்று சொல்லி வைத்தேன். புது இடத்தில் வண்டி ஓட்டும்போது எப்போதும் சொல்கிற வார்த்தைதான்.

கிளம்பும்போது வெயில் இருந்தது. சில்வர் ஓக் மரங்களில் ஏறியிருந்த மிளகுக் கொடிகள் மின்னின. முதல் வளைவு தாண்டுவதற்குள் மேகம் இறங்கிவிட்டது. மலையில் அது புதிதல்ல. ஆனால் அன்று இறங்கிய வேகம் எனக்குப் பிடிக்கவில்லை. முன்சக்கரத்துக்கு அப்பால் பாதை ஒரு பாய் நீளத்துக்கு மேல் தெரியவில்லை. நிறுத்திவிடலாமா என்று யோசித்தேன். சரிவில் நின்றுகொண்டிருப்பதைவிட மெதுவாக இறங்கிவிடுவது மேல் என்று தோன்றியது.

"தம்பி, நான் வளைவுன்னு கத்துவேன். கேட்டுச்சுன்னா பதில் சொல்லுங்க. சொன்னப்புறம்தான் நான் அடுத்த அடி வெப்பேன்."

"ஓகே மேடம்," என்றார்.

முதல் வளைவில் கத்தினேன். பதில் வந்தது. அடுத்ததிலும் வந்தது. பெடலை மிதிக்காமல் இறங்கும்போது பின்சக்கரத்தின் நடுவில் இருக்கும் ஹப்பிலிருந்து ஒரு சத்தம் வரும், கேட்டிருப்பீர்கள். என் வண்டியில் அது நைசாக, கிர்ரென்று இருந்தது. அவர் வண்டியில் தடித்த சத்தம், டக் டக் டக் என்று. அது எனக்குப் பின்னாலேயே வந்துகொண்டிருந்தது. அதனால் திரும்பிப் பார்க்கத் தோன்றவில்லை. திரும்பினாலும் வெள்ளைதான் தெரியும். இப்படியே ஒவ்வொரு வளைவாகக் கத்தி, ஒவ்வொன்றுக்கும் பதில் வாங்கி, பாதி தூரத்தில் இருந்த ஒரு தட்டைப் பாறைக்கு வந்து சேர்ந்தேன். காலை ஊன்றி நின்று அவருக்காகக் காத்திருந்தேன்.

அவர் வரவில்லை.

டக் டக் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது.

"தம்பி, எங்க இருக்கீங்க?"

"வாரேனுங்க."

காத்திருந்தேன். இலைகளிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது. மறுபடி கூப்பிட்டேன்.

"வாரேனுங்க."

அதே குரல். சொன்ன விதத்தில் ஒரு இழை மாற்றமில்லை, முதலில் சொன்னதையே திரும்பப் போட்டுக் காட்டியது போல. மூன்றாவது முறை நான் கூப்பிடவில்லை. கூப்பிடாமலே குரல் வந்தது. இந்த முறை பின்னாலிருந்து இல்லை, எனக்கு முன்னால், பள்ளத்திலிருந்து.

"இங்கதானுங்க. வாங்க."

என்னைத் தாண்டி யாரும் போகவில்லை. பாறைக்கு ஒரு பக்கம் மண்சுவர், மறுபக்கம் சரிவு. நடுவில் நான் வண்டியைக் குறுக்கே நிறுத்தியிருந்தேன். அப்போதுதான் ஒன்று உறைத்தது. சுகுமார் என்னை மேடம் என்று கூப்பிடாமல் ஒரு வாக்கியம் பேசியதில்லை. அவர் வாயில் 'வாரேனுங்க' வராது. அது இந்த மலைக்காரர்களின் பேச்சு. எந்த வளைவிலிருந்து எனக்கு மேடம் இல்லாத பதில் வரத் தொடங்கியது? யோசித்துப் பார்த்தேன், நினைவுக்கு வரவில்லை. பதில் வந்தது என்பதை மட்டும் கவனித்தேன். என்ன பதில் என்பதைக் கவனிக்கவில்லை.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் வேலையிலும் இப்படி ஒரு நிமிஷம் வரும். பனி இருக்காது, வேறு ஏதாவது இருக்கும். கால் தானாகக் குரல் வந்த பக்கம் போகப் பார்க்கும். என் கால் போகப் பார்த்தது. கூப்பிடுகிற குரல் மனிதனை இழுக்கும், அது இயல்பு. நான் ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது என்ன என்று மட்டும் கேட்டுக்கொண்டேன். யார் பேசுகிறார் என்று எனக்குத் தெரியாது. ஹப் சத்தம் எனக்குத் தெரியும். சரிவில் இறங்கும் வண்டியின் சத்தம் ஒரே சீராக இருக்காது. பிரேக் பிடித்தால் தளரும், விட்டால் துடிக்கும், கிட்டே வர வரப் பெருக்கும். இது அப்படி இல்லை. கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அப்படியென்றால் அந்தச் சக்கரம் தரையில் இல்லை. ஒரே இடத்தில், அந்தரத்தில் சுற்றுகிறது. வண்டி விழுந்துவிட்டது.

சத்தம் மேலே, இடது பக்கத்திலிருந்து வந்தது. குரல் கீழே வலது பக்கத்தில். வண்டியைத் தள்ளிக்கொண்டு மேலே ஏறத் தொடங்கினேன்.

"ஏனுங்க, அங்க எங்க போறீங்க?" என்றது கீழிருந்து. கோபமில்லை. கேலியுமில்லை. வழி தப்பிப் போகிறவரிடம் அக்கறையாகக் கேட்பது போல இருந்தது. அதைக் கேட்டதும் இன்னும் வேகமாக ஏறினேன்.

ஏறிப் போனால், பாறைக்கு மேலே இரண்டாவது வளைவில், ஈர மண்ணில் பெரிய சக்கரத்தின் தடம் திரும்பாமல் நேராகப் போய்ப் புல்லை அமுக்கிக்கொண்டு விளிம்பில் முடிந்திருந்தது. சக்கரத்தின் மேல் மட்டும் பழி போட மாட்டேன். புது ஓட்டுநர் திரும்ப வேண்டிய பக்கம் பார்க்காமல் பள்ளத்தைப் பார்த்திருப்பார், கண் போன பக்கம் வண்டி போயிருக்கும். ஆனால் அந்த வளைவு நம் கடை வாசல் அகலம்கூட இல்லை. நீளமான வண்டிக்கு, பெரிய சக்கரத்துக்கு, அது போதாது.

விளிம்புக்குக் கீழே மிளகுக் கொடியில் சிக்கி வண்டி தலைகீழாகத் தொங்கியது. பாறை இடுக்கிலிருந்து ஒழுகிய தண்ணீர் பின்சக்கரத்தின் டயரின் ரப்பர் முண்டுகளில் விழுந்து அதைச் சுற்றிக்கொண்டிருந்தது. டக் டக் டக். அதற்கும் கீழே ஒரு திட்டில் சுகுமார் மல்லாந்து கிடந்தார். கண் திறந்திருந்தது. வேரைப் பிடித்துப் பிடித்து இறங்கினேன். தோள்பட்டைக்குப் பக்கத்தில் எலும்பு துருத்திக்கொண்டு நின்றது. ஒரு கால் இரண்டு கல்லுக்கு நடுவில் மாட்டியிருந்தது. வாயைத் திறந்தார், மூச்சுதான் வந்தது.

"பேசாதீங்க தம்பி. நான் வந்துட்டேன்."

போனில் சிக்னல் இல்லை. ஓடிப்போய் ஆளைக் கூட்டி வருவதா, கூடவே இருப்பதா? சுகுமார் என் மணிக்கட்டைப் பிடித்தார். விடுவதாக இல்லை. பூங்கொடியிடம் தாமதமானால் ஏறி வா என்று சொல்லியிருந்தேன், அவள் வருவாள். ஆனால் இந்தப் பனியில் எங்களை எப்படிக் கண்டுபிடிப்பாள்? கொடியில் தொங்கிய வண்டியை எடுத்துப் போடலாம் என்று முதலில் நினைத்தேன். பிறகு விட்டுவிட்டேன். அந்தச் சத்தம் கேட்டால் அவளும் வருவாள். என் துப்பட்டாவால் அவர் கையை நெஞ்சோடு சேர்த்துக் கட்டினேன். காலை இழுக்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் அவருக்குப் பேச்சு வந்தது.

"மேடம், நான் விழுந்தப்புறம் நீங்க கத்தினதெல்லாம் கேட்டுச்சு. வளைவு, வளைவுன்னு."

"பதில் சொன்னீங்களா?"

"எனக்கு மூச்சே வரல. ஆனா பதில் சொல்ற சத்தம் கேட்டுச்சு." தொண்டையைச் செருமினார். "மேல, பாதையில நின்னு யாரோ சொன்னாங்க. முதல் தடவ என் குரல் மாதிரியே இருந்துச்சு. அப்புறம் உங்க பின்னாடியே போயிட்டாங்க."

நான் மேலே பார்த்தேன். வெள்ளை தவிர ஒன்றுமில்லை.

"யாரோ தோட்டக்காரர் இருந்திருப்பார்," என்றேன். ஊரே கல்யாணத்துக்குப் போயிருந்தது இருவருக்கும் தெரியும்.

அப்போது தலைக்கு நேர் மேலே, பாதையின் விளிம்பில், "வாரேனுங்க" என்றது. மிக அருகில். சுகுமாரின் பிடி இறுகியது. அதோடு டக் டக் சத்தம் நின்றுபோனது. திரும்பிப் பார்த்தேன். தண்ணீர் சக்கரத்தின் மேல் விழுந்துகொண்டுதான் இருந்தது. சக்கரம் அசையவில்லை, யாரோ உள்ளங்கையை வைத்துப் பிடித்திருப்பது போல. நான் வாயைத் திறக்கவில்லை. அவர் வாயையும் கையால் பொத்தினேன். அப்படியே இருந்தோம். எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை.

பிறகு ஒரு டக். இன்னொரு டக். சக்கரம் பழையபடி சுற்றத் தொடங்கியது.

அதற்கப்புறம்தான் தூரத்தில் பெண் குரல் கேட்டது. "அக்கா! அக்கோவ்! எங்கிருக்கீங்க?"

பூங்கொடியின் குரல்தான். ஆனால் அந்தக் காலையில் குரல் என்றால் எனக்கு நம்பிக்கை போயிருந்தது. சுகுமார் பதில் சொல்லப் பார்த்தார். நான் தலையை ஆட்டித் தடுத்தேன். அது நெருங்கி வரும்வரை காத்திருந்து, பின் கத்தினேன்.

"உனக்கு என்ன சக்கரம் வேணும்னு காலைல சொன்னே?"

மேலே ஓடி வந்த காலடி நின்றது.

"ஏனுங்கக்கா, உங்களக் காணோம்னு நான் பதறிக்கிட்டு வாரேன், இப்பப் போயி சக்கரத்தக் கேக்கறீங்க? சின்னதுதான்னு தொண்ட கிழியச் சொன்னேனுங்களே! அவரு எங்கீங்க?"

என் வாழ்நாளில் ஒரு வாடிக்கையாளரின் வசவு அவ்வளவு இனித்ததில்லை. "இங்க வா கண்ணு, பாத்து இறங்கு," என்றேன். அதற்குள் எனக்கு அழுகை வந்துவிட்டது.

அவள் பின்னால் ஏறி வந்த டிரைவர் திரும்ப இறங்கிப் போய்ப் பிக்கப்பிலிருந்து தார்ப்பாயும் கயிறும் எடுத்து வந்தார். கல்லைப் புரட்டிக் காலை விடுவித்து, தார்ப்பாயில் கிடத்தி மூன்று பேருமாக ஏற்றினோம். பூங்கொடி வழியெல்லாம் புருஷனைத் திட்டிக்கொண்டே வந்தாள். நிறுத்தினால் அழுதுவிடுவாள் என்று எனக்குத் தெரிந்தது. நாமக்கல் ஆஸ்பத்திரியில் எலும்பைச் சேர்த்துக் கட்டினார்கள். இன்னும் கொஞ்ச நேரம் அந்த ஈரத்தில் கிடந்திருந்தால் கஷ்டம் என்றார் டாக்டர்.

மறுநாள் வண்டியை எடுத்து வந்து ஸ்டாண்டில் மாட்டிப் பார்த்தேன். சக்கரம் நடுவில் நின்றதற்கு ஏதாவது குச்சியோ கொடியோ சிக்கியிருக்க வேண்டும் என்று தேடினேன். ஒன்றும் அகப்படவில்லை. ரிம் கோணவில்லை, ஹப் சுத்தமாகச் சுற்றியது. அந்த மலையில் சுற்றுலாவுக்கு வருகிறவர்களிடம் சொல்ல ஆயிரம் கதை வைத்திருக்கிறார்கள். அதில் எதையும் நான் இதோடு முடிச்சுப் போடமாட்டேன். எனக்குத் தெரிந்தவரை சொல்லிவிட்டேன், அவ்வளவுதான். வண்டி விஷயத்தில் தெரிந்ததையும் சொல்கிறேன்: ஒருவருடைய பாதையிலேயே மோசமான வளைவு எது என்று கேளுங்கள், முடிந்தால் நேரில் பாருங்கள். அந்த வளைவில் திரும்புகிற சக்கரம்தான் அவருக்குச் சரியான சக்கரம். மீதிப் பாதை முழுக்கப் பெரிய சக்கரத்துக்கு ஏற்றதாக இருந்தாலும் சரி. கல்லில் குலுங்கினால் உடம்பு வலிக்கும், ஓய்வெடுத்தால் சரியாகிவிடும்.

சுகுமாருக்குத் தோள் சரியான பிறகு இருவரும் கடைக்கு வந்தார்கள். இந்த முறை சண்டை இல்லை. இருபத்தேழரை. பூங்கொடி ஏறி உட்கார்ந்து, இரண்டு பாதமும் தரையில் படிவதைப் பார்த்துக்கொண்டாள். அவர் உயரத்துக்குச் சீட்டை ஏற்றிக்கொள்ளும்படி வழி செய்து கொடுத்தேன். எல்லாம் முடிந்து பில் போடும்போது சுகுமார் மெதுவாகக் கேட்டார்.

"மேடம், சத்தமே வராத ஹப் இருக்குன்னு படிச்சேன். அதை மாட்டித் தர முடியுமா? எனக்கு அந்த டக் டக் இனிமே வேண்டாம்."

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. மாட்டலாம் என்று சொல்ல வாயெடுத்தேன். பூங்கொடி குறுக்கே வந்தாள்.

"வேண்டாமுங்கக்கா. இருக்கறதுலயே சத்தமானது போடுங்க."

"ஏன் கண்ணு, அவருக்குப் பிடிக்கலைங்கறாரே?"

அவள் புருஷனைப் பார்த்தாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார். இதைப் பற்றி வீட்டில் பேசி முடித்திருக்கிறார்கள் என்பது தெரிந்தது.

"இவரு எப்பவாச்சும் தோட்டத்துக்குப் போயிருக்கறப்ப ஊட்டு வாசல்ல 'வாரேனுங்க'ன்னு கேக்குதுங்க. தொறந்து பாத்தா ஆளிருக்காது. மொத தடவ பிரமைன்னு நெனச்சேன். அப்புறமும் கேட்டுச்சு. இப்பல்லாம் கொரலுக்கு நான் கதவு தொறக்கறதில்லீங்க. நெசமாலுமே இவரு வந்து கூப்புட்டாலும் தொறக்கறதில்ல. போன வாரம் மழையில வெளியவே நின்னாரு." சைக்கிளின் சீட்டில் கையை வைத்தாள். "வண்டி வார சத்தம் கேட்டாத் தொறப்பேனுங்க. அதுக்குத்தான்."

நான் உள்ளே போய் இருப்பதிலேயே உரத்த ஹப்பைத் தேடி எடுத்து வந்து சக்கரத்தில் கோத்தேன். வண்டியை வாசலுக்குக் கொண்டுபோய்ப் பின்பக்கத்தைத் தூக்கிச் சக்கரத்தைச் சுற்றிவிட்டேன். தெருவில் போகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பூங்கொடி கண்ணை மூடிக்கொண்டு, சக்கரம் தானாக நிற்கும் வரை கேட்டாள்.

"இது போதுமுங்க," என்றாள்.